பூச்சிகளுக்கு நல்ல காலம்

கல்வராயன் மலைக்கு கேமராவோடு வருகிறவர்களின் பூச்சிநேயத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். மேகம் அருவியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. புதருக்கடியில் குப்புறப் படுத்துவிடுகிறார்கள்.

மேக்ரோ லென்ஸில் தெளிவாக விழும் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். தும்பி சற்றே அசைந்தாலும் படம் பாழ். ஆகவே அதைப் பிடித்துக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். சித்திரை வெயிலில் பூச்சிக்கு வேறு யார் ஏசி போட்டார்கள்? பிறகு கிளிசரின் கலந்த தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். உச்சி வெயிலிலும் பனித்துளி உருளாமல் நிற்கிறது. வானிலைத் துறை கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை!

2019-இல் இந்த மலை உள்ள கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதே ஆண்டு ‘தமிழ் மறவன்’ மாநிலப் பட்டாம்பூச்சியானது. அடுத்து பூச்சிகளுக்கு ஆதார் கொடுப்பதுதான் முறை. புகைப்படம் தயார். கருவிழிப் பதிவுக்குத்தான் தும்பி மாதக்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டும். அதன் கூட்டுக்கண்ணில் ஆயிரக்கணக்கான கண்கள்.

ஒருநாள் ஒரு ஜீவன் மட்டும் ஃப்ரிட்ஜ் கேட்காமல், கிளிசரின் கேட்காமல், தானே பறந்துவந்து ஒரு புகைப்படக் கலைஞரின் முன்கையில் அசையாமல் அமர்ந்து போஸ் கொடுத்தது. பளாரென்று ஒரே அடி.

கொசு பூச்சியினத்தில் சேர்த்தியில்லையாம்.