கால் முளைத்த மூட்டை

திருநெல்வேலிக்காரருக்கு இமயமலை பக்கம், பொதிகை மலை தூரம். கேட்டால் சிரிப்பு வரும். வழியை விசாரித்தால் சிரிப்பு அடங்கிவிடும். பத்ரி, கேதார், முக்திநாத் என்று கூட்டிப்போக ஊருக்கு ஊர் யாத்திரை ஏற்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். "கூடவே நம்ம ஊர் சமையல்காரர், மதியம் ரசத்தோடு சாப்பாடு" என்று நோட்டீஸில் உத்தரவாதம் வேறு. பொதிகையோ, அம்பாசமுத்திரத்து வயல் வரப்பில் நின்றால் மேற்கே கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் ஏற வேண்டுமென்றால் நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போய், விதுரா தாண்டி, போணக்காடு தேயிலைத் தோட்டத்தில் இறங்கி, கேரள வனத்துறையிடம் சீட்டைக் காட்டி, மலையின் முதுகுப்பக்கமாக ஏற வேண்டும். பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம், கன்னிகட்டி என்று நம் பக்கத்தில் இருந்த பழைய வழி, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் கிடக்கிறது. யாத்திரைக்காரருக்கு அது அடைபட்டுப் பல வருஷம் ஆயிற்று. தாமிரபரணித் தண்ணீர் குடிப்பவன் இந்தப் பக்கம், தாமிரபரணி பிறக்கும் மலைக்கு வாசற்படி அந்தப் பக்கம். இதற்காக வருத்தப்படுகிறவர்கள் நிறைய உண்டு. எந்த வாசல் வழியாகப் போனாலும், போகிறவர் தான் மலையேறுவதாக நினைத்துக்கொள்கிறாரே, அதற்காக யாரும் வருத்தப்படக் காணோம். வழிகாட்டியோடு போகும் மலைப்பயணத்தில் ஏறுகிறவர் ஒருவர்தான், அவர் வழிகாட்டி. மற்றவர்கள் எல்லாம் அவர் மேலே கொண்டுபோய்ப் பத்திரமாகக் கீழே கொண்டுவரும் மூட்டை. இதுதான் என் கட்சி.

மூட்டை என்றதும் கோபப்பட வேண்டாம். பொதிகைக்கு முதன்முதலில் அனுப்பப்பட்ட ஆளே பாரமாகத்தான் அனுப்பப்பட்டார். கயிலாயத்தில் சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம். மூவுலகமும் அங்கே போய்க் குவிந்ததில் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட்டது என்கிறது புராணம். இமயமலையில் கூட்டம் தாங்கவில்லை என்ற புகார் அன்றே தொடங்கிவிட்டது. சிவன் வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்பவில்லை. கல்யாண வீட்டுக்காரர் யாரால்தான் அது முடியும்? ஆள் குட்டை, கனம் அதிகம் என்று தேறிய அகத்தியரைக் கூப்பிட்டு, தெற்கே போய் உட்காரும் என்று சொல்லிவிட்டார். தவம், தமிழ், மருத்துவம் எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்த கூடுதல் பொறுப்புகள். முதல் உத்தியோகம், பூமியை நிமிர்த்த வைத்த எடை. கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போன குறைக்குப் பாபநாசத்தில் இறைவன் மணக்கோலம் காட்டியதாகத் தலபுராணம் சொல்லும். அருவிக்கு மேலே இன்றும் கல்யாண தீர்த்தம் இருக்கிறது. தன்னைப் பாரம் என்று சொன்னதற்காக அகத்தியர் முகம் சுளித்ததாக ஒரு செய்தியும் இல்லை. புது ஷூ வாங்கிக்கொண்டு போகிறவருக்குத்தான் ரோஷம் வருகிறது.

இப்போது நடைமுறையைப் பார்ப்போம். பொதிகை உச்சியான அகத்தியர்கூடத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை சீசன். இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. உடம்பு தாங்கும் என்று டாக்டரிடம் சான்று வாங்கி வரச் சொல்கிறார்கள். போணக்காட்டில் பையைத் திறந்து பார்த்து, பிளாஸ்டிக், மது, பூஜைச் சாமான் எதுவும் இல்லை என்று உறுதி செய்கிறார்கள். ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த யாரிடமாவது இந்தப் பட்டியலைக் காட்டினால், என்ன சரக்கு புக் பண்ணுகிறீர்கள் என்றுதான் கேட்பார். முதல் நாள் காட்டு ஓடைகளைத் தாண்டி அதிருமலை முகாம். அங்கே சுடச்சுடக் கஞ்சியும் பயறும். அதன் ருசியைப் பற்றிப் பேசாமல் திரும்பியவர் கிடையாது. இரண்டாம் நாள் பொங்காலைப் பாறை வழியாக உச்சிக்குப் போய் அகத்தியர் சிலையைக் கும்பிட்டுவிட்டு முகாமுக்கு இறக்கம், மூன்றாம் நாள் போணக்காடு. உச்சி 1,868 மீட்டர். கடைசிப் பாறைச் சரிவுகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்து உயரத்துக்கு ஏற்றப்படுவது உலகத்தில் என்ன வகைப் பொருள் என்பதை வாசகர் யோசனைக்கே விட்டுவிடுகிறேன்.

மலையை உண்மையில் ஏறுகிறவர் யார் என்பதற்குப் பொதிகையிலேயே கல்லில் வெட்டியது மாதிரி ஒரு சாட்சி இருக்கிறது. 1987 டிசம்பரில் பி. புஷ்பாங்கதன் தலைமையில் தாவரவியல் ஆராய்ச்சியாளர் குழு ஒன்று இந்த மலைக்குள் போயிற்று. பழங்குடி மக்களின் செடி, கொடி அறிவைப் பதிவு செய்யும் அகில இந்தியத் திட்டத்தின் வேலை அது. வழிகாட்டியாகக் கூட வந்தவர்கள் இந்த மலையின் பழங்குடிகளான காணிகள். ஏற ஏற ஆராய்ச்சியாளர்களுக்கு மூச்சு வாங்கியது, கால் பின்னியது, நாக்கு தள்ளியது. காணிகளோ வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கி வந்தவர்கள் மாதிரி போய்க்கொண்டே இருந்தார்கள். நடுநடுவே குனிந்து ஏதோ சின்னக் காயைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார்கள். தரையோடு தரையாக வளரும் ஒரு செடியின் காய் அது. செடியியல் படித்தவர்கள் அத்தனை பேர் அந்தச் செடியைத் தாண்டித்தான் நடந்திருக்கிறார்கள். செடியின் குணம் தெரிந்தவர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். என்ன அது என்று கேட்டதற்குக் காணிகள் முதலில் வாயைத் திறக்கவில்லை. சமூக ரகசியத்தை மூட்டையிடம் யார் சொல்வார்கள்? வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் காட்டினார்கள். அதுதான் இன்று ஆரோக்கியப்பச்சை என்று பேர் பெற்ற செடி.

கதை அதோடு முடியவில்லை. பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அந்தச் செடியை ஆராய்ந்து, வேறு சில மூலிகைகளும் சேர்த்து, களைப்பு நீக்கும் மருந்து ஒன்றை உருவாக்கியது. அதற்கு ஜீவனி என்று பேர். கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குத் தயாரிக்கும் உரிமையைப் பத்து லட்சம் ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அதில் பாதியும், விற்பனைப் பங்கில் பாதியும் காணிகளுக்கு என்று முடிவாயிற்று. பணத்தை வாங்கிக்கொள்ளக் காணிகளின் அறக்கட்டளை 1997இல் பதிவானது. நடைமுறையில் சிக்கல்கள் வந்தாலும், பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுப்பதற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட ஏற்பாடு இது. எனக்கு இதில் பிடித்தது வேறு. சரித்திரத்தில் ஒரே ஒரு தடவை, கூட வந்த மூட்டை தனக்கு மூச்சு வாங்கியதை ஒத்துக்கொண்டு, முன்னால் போகிறவருக்கு ஏன் வாங்கவில்லை என்று கேட்டது. கேட்டதனால்தான் இத்தனையும் நடந்தது. "எனக்கென்ன, நான் ஃபிட்டாத்தான் இருக்கேன்" என்று அந்தக் குழுவில் எல்லோரும் மார்தட்டியிருந்தால் ஜீவனியும் கிடையாது, பத்து லட்சமும் கிடையாது.

இதே உச்சியில் 1855இல் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், காற்றழுத்தத்தையும் பூமியின் காந்த விசையையும் உயரத்தில் அளக்க ஆசைப்பட்டு, ஆறாயிரம் அடிக்கு மேலே அதைக் கட்டினார். பெரிய சாதனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் காந்த ஊசிகளும் காற்றழுத்தமானிகளும் தாமாக நடந்து ஏறவில்லை. இதே கணக்கோடு எவரெஸ்டுக்கு வருவோம். 1953இல் ஜான் ஹன்ட் தலைமையில் போன பிரிட்டிஷ் குழுவுக்கு 362 சுமைதூக்கிகள், இருபது ஷெர்ப்பாக்கள், பத்தாயிரம் பவுண்டு எடையுள்ள சாமான். மே 29 அன்று உச்சியில் நின்றவர்கள் இருவர். அதில் ஒருவரான டென்சிங் நோர்கே சுமைதூக்கியாகத் தொடங்கியவர், எவரெஸ்ட் பயணத்தில் அவருக்கு அது ஏழாவது தடவை. உலகத்தின் தலையில் ஏறிய கணக்கிலேயே பாதி, மூட்டை தூக்கியவர்களின் கணக்கு. மீதிப் பாதி ஹிலாரி. தேனீ வளர்த்துப் பிழைத்தவர், நேர்மையானவர். டென்சிங் இல்லாமல் நான் ஏறினேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"என் காலால்தானே நடக்கிறேன், அப்புறம் எப்படி நான் மூட்டை?" என்பது உடனே எழும் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம்தான். கால் முளைத்த மூட்டை என்று திருத்திக்கொள்வோம். சாதாரண மூட்டையை விட இது இம்சை அதிகம். சாக்கு மூட்டை தோளில் பேசாமல் கிடக்கும். இது எத்தனை கிலோமீட்டர் பாக்கி என்று அரை மணிக்கு ஒரு தரம் கேட்கும். பாதையில் யானை லத்தி கிடக்கிறது. வழிகாட்டி குனிந்து, புறங்கையை மேலே பிடித்துச் சூடு பார்க்கிறார். மூங்கில் நார் தெரிகிறதா, வண்டு வந்துவிட்டதா, ஓரம் காய்ந்திருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எதிர்க் காற்றை மோந்து, "கொஞ்சம் நில்லுங்க" என்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் மூவாயிரம் கிலோ விலங்கு எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகும் என்று அவர் மனசுக்குள் ஒரு வரைபடம் விரிகிறது. மூட்டை அதே நேரத்தில் லத்தியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறது. நெல்லையிலிருந்து போன மூட்டை என்றால் அதற்குள் இன்னொரு மூட்டையும் இருக்கும்: மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, ஒரு கிலோ அல்வா. அல்வாவை எடுத்துப்போவதில் தவறில்லை; ஆனால் முதல் ஏற்றத்திலேயே அது வழிகாட்டியின் தோளுக்கு மாறிவிடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரி, வழிகாட்டியே வேண்டாம், தனியாகப் போனால் ஏறியவன் நான்தானே என்று வீரம் பேசுகிறவர்களும் உண்டு. புலிக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம் என்பதைச் சட்டமே பார்த்துக்கொள்ளும். நான் சொல்வது கணக்கு: தனியாகப் போய் வழி தவறுகிறவரைத் தேட ஒரு வழிகாட்டிக்குப் பதில் பத்துப் பேர் காட்டுக்குள் போக வேண்டும். பாரம் குறையவில்லை, பத்து மடங்கு ஆயிற்று. காடு விளையாட்டில்லை என்பதை 2018 மார்ச்சில் குரங்கணித் தீ தமிழ்நாட்டுக்குக் காட்டிவிட்டது. அதில் போன உயிர்களை வைத்து நகைச்சுவை எழுத யாருக்கும் கை வராது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024இல் அரசு நாற்பது வழித்தடங்களைத் திறந்தபோது, அந்தந்த ஊர், பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாக வைத்தது. வழி யாருக்குச் சொந்தம் என்பது அரசாணைக்கும் புரிந்திருக்கிறது.

பக்தர்கள் இதை வேறு மாதிரி மறுப்பார்கள்: நாங்கள் சாமி கும்பிடப் போகிறோம், ஊர் சுற்றப் போகவில்லை. உண்மையில் இந்த விஷயத்தில் பக்தர்களைப் போல நேர்மையானவர்கள் இல்லை. கேதார்நாத்தில் கண்டி என்று ஒன்று உண்டு. முதுகில் மாட்டும் கூடை; அதற்குள் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து, வந்த வழியைப் பார்த்தபடியே மேலே போவார். சபரிமலையில் டோலி. தான் சுமை என்று சொல்லி, கூலி பேசி, கூடைக்குள் ஏறிக்கொள்கிறவரிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. இருமுடியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு ஏறுகிற ஐயப்பமார்களுக்கு என் வாதத்திலிருந்து முழு விலக்கு.

ஓர் இடத்தில் மட்டும் என் கட்சி நொண்டுகிறது, மறைக்கவில்லை. அகத்தியர்கூடத்துக்குப் பெண்கள் போகக் கூடாது என்றிருந்த தடையைக் கேரள உயர் நீதிமன்றம் 2018இல் நீக்கியது. 2019 ஜனவரியில் பெண்கள் உச்சிக்குப் போனார்கள். அதைக் காணிகள் எதிர்த்தார்கள். மலை விஷயத்தில் வழிகாட்டி சொல்வதே முடிவு என்று நான் வாதிட்டால், அங்கேயும் அவர்கள் பக்கம் நிற்க வேண்டியிருக்கும், நான் நிற்கவில்லை. எந்த ஓடையில் இறங்கலாம் என்பதை வழிகாட்டி சொல்லட்டும், எந்த மனுஷி ஏறலாம் என்பதைச் சொல்ல வேண்டாம் என்று பிரித்துக்கொள்கிறேன். பிரிவினை அவ்வளவு சுத்தமாக இல்லை என்று எனக்கும் தெரியும். மூட்டையில் ஆண் மூட்டை, பெண் மூட்டை கிடையாது என்ற அளவில் தீர்ப்பு என் வாதத்துக்கு ஒத்தாசைதான்.

மிச்சம் இருப்பது போட்டோ. உச்சியில் அகத்தியர் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்து நிற்கும் படத்தைப் பார்த்தால், அந்த ஆள் யார் துணையும் இல்லாமல் வானத்திலிருந்து வந்து இறங்கினார் போலிருக்கும். ஏனென்றால் ஏற்றிக்கொண்டு வந்தவர் படத்தில் இல்லை. அவர் கையில்தான் போன் இருக்கிறது. இது வரைக்கும் எடுத்த லட்சக்கணக்கான உச்சிப் படங்களில் வழிகாட்டி இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். ஆகவே ஒரு சின்ன யோசனை: உச்சியில் வழிகாட்டியை நிற்க வைத்து மூட்டை போட்டோ எடுக்கட்டும், ஏறியவர் படம் என்று அதை வீட்டில் மாட்டட்டும். அதற்கும் அவர் போஸ் கொடுக்க முடியாமல், "சாரே, பின்னால போகாதீங்க, பள்ளம்" என்று கத்திக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கும்.