ஓசிப் பேப்பர் புராணம்

ராத்திரி ஷிப்ட் முடித்து மும்பையின் மான்குர்த் திரும்பும் காலை லோக்கலில் தமிழ்ப் பேப்பரைப் பிரிப்பவர் ஒருத்தர், படிப்பவர் நாலு பேர். ஜன்னலோரத்து அண்ணாச்சிக்குச் சொந்தம் காகிதம் மட்டும்தான். செய்தி பெட்டிக்கே பொது. நாம் கடைசி வரிக்கு வரும்போது பக்கத்தைப் புரட்டிவிடுவார். கோபப்படக் கூடாது. மனிதன் படித்த வரலாறே ஓசியில் படித்த வரலாறுதான்.

தொடக்கம் மட்டும் வேறு. ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் உருக் நகரத்துச் சுமேரியர்கள் ஈரக் களிமண்ணில் கீறியது கவிதை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பார்லி இத்தனை, பீர் இத்தனை, ஆடு இத்தனை. மளிகைக் கடைப் பற்று நோட்டு! அதை எட்டிப் பார்த்துப் படிக்க எவன் வருவான்?

ஓசிக்கு ராஜ மரியாதை வாங்கித் தந்தவர் எகிப்தின் மூன்றாம் தாலமி. அலெக்சாந்திரியா நூலகத்துக்காக ஏதென்ஸிடம் சோபகிளிஸ் முதலானோரின் நாடகச் சுவடிகளை இரவல் கேட்டார். 15 டாலன்ட் வெள்ளி முன்பணம். அது போனால் போகிறது என்று மூலத்தை அமுக்கிக்கொண்டு நகலைத் திருப்பி அனுப்பினார் என்கிறார் கேலன் என்ற வைத்தியர். நம் நண்பர்கள் நகல்கூடத் தருவதில்லை.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் வாய்விட்டுத்தான் படிப்பார்கள். 384-ல் மிலான் போய்ச் சேர்ந்த, பின்னாளில் கிறிஸ்தவ ஞானியான அகஸ்டின், அங்கே பிஷப் ஆம்புரோஸ் உதடு அசையாமல் படிப்பதைப் பார்த்து அசந்துபோனார். ஏன் இப்படி என்று யோசித்து இரண்டு காரணம் எழுதிவைத்தார். ஒன்று, தொண்டை மிச்சம். இன்னொன்று, சத்தமாகப் படித்தால் பக்கத்திலிருப்பவன் விளக்கம் கேட்டு உயிரை வாங்குவான். ஆக, பிஷப் வாயை மூடியதே நம்மைப் போன்ற ஓசிக் கிராக்கிகளுக்குப் பயந்துதான். எட்டிப் பார்த்தே படிக்க வேண்டிய நம் கழுத்துவலி அன்றைக்குத் தொடங்கியது.

நம்மூரில் கதை தலைகீழ். கேட்க ஆள் இருந்தார், கொடுக்கத்தான் ஏடு இல்லை. உ.வே.சாமிநாதையர் பழைய ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தால், ஒரு இடத்தில் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டாச்சு என்றார்கள். கரிவலம்வந்தநல்லூரில் நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாச்சு என்றார்கள். பக்தி முற்றினால் புத்தகத்துக்கு ஆபத்து. தப்பிய ஏடுகளை வைத்து 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார் மனுஷன்.

பிறகு திராவிட இயக்கப் படிப்பகங்களும் முடிதிருத்தும் கடைகளும் வந்தன. ஒருத்தர் உரக்கப் படித்தார், ஊரே அரசியல் பேசியது. ஆம்புரோஸ் தோற்றார்.

அந்தப் பழக்கம்தான் திருநெல்வேலிக்காரரோடு ரயிலேறி தாராவிக்கும் செம்பூருக்கும் இந்த மான்குர்த்துக்கும் வந்தது. 1992-ல் வாஷிக்குப் பாலம் திறக்கும் வரை இந்தப் பாதைக்கு மான்குர்த்தான் கடைசி ஸ்டேஷன். பேப்பர்காரரும் இறங்கியே ஆக வேண்டும். பிளாட்பாரத்தில் நின்று மிச்சத்தை முடிக்கலாம். இப்போது வண்டி பன்வேல் வரை போகிறது. அண்ணாச்சி விளையாட்டுப் பக்கத்துக்கு வரும்போது நமக்கு இறங்குமிடம் வந்துவிடுகிறது.

அண்ணாச்சி, கோவண்டி தாண்டும்போதாவது கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் திருப்புங்களேன்.