கடிகாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

கேள்வி: மாரத்தான் தூரம் 42.195 கி.மீ. என்கிறார்கள். ஓடி முடித்தபோது என் ஜிபிஎஸ் வாட்ச் 42.7 காட்டியது. யார் சொல்வது பொய்?
– ஓட்டப் பிரியர், கோவை

பதில்: இருவரையும் விடுங்கள், முதலில் உங்கள் கால்களை விசாரிப்போம்! சான்றிதழ் பெற்ற பாதையை, சக்கரத்தில் அதன் சுற்றுகளை எண்ணும் ‘ஜோன்ஸ் கவுன்ட்டர்’ மாட்டிய சைக்கிளால் அளக்கிறார்கள். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. மட்டுமே தள்ளி, இருப்பதிலேயே குறுகிய வழியில். பாதை குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கொசுறு வேறு. நீங்களோ தண்ணீருக்கு இந்தப் பக்கம், தெரிந்தவருக்குக் கையாட்ட அந்தப் பக்கம் என்று ஓடியிருப்பீர்கள்.

மிச்சப் பழி வாட்ச் மீது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்துசேரும் நேரத்தை வைத்துத்தான் அது இடத்தைக் கணிக்கிறது. கட்டடத்தில் மோதித் திரும்பும் சிக்னல் தாமதிக்கும், கணக்கு பிசகும். சிகாகோ மாரத்தானில் வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஓடியவர்களின் வரைபடத்தைப் பாருங்கள்: சுவருக்குள் புகுந்து சுவரால் வெளியேறியிருப்பார்கள்!

அதனால் அந்தந்த நொடி காட்டும் வேகத்தை நம்பி மூச்சு வாங்காதீர்கள். கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போதெல்லாம் ‘லேப்’ பொத்தானை நீங்களே அழுத்துங்கள். சரியான வேகம் தெரியும். முக்கியமாக, வாட்ச் 42.195 காட்டியதும் நின்றுவிடாதீர்கள். பதக்கம் தருபவர் இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார்.