ஈத்0 காலமானார்

லினக்ஸ் முதலான யூனிக்ஸ் வகையறாக்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவும் தெரியாது. விண்டோஸ் என்றால் நெட்வொர்க் போன மறுகணமே மூலையில் எச்சரிக்கைக் குறியைப் போட்டு, 'சரிசெய்து தரட்டுமா?' என்று உருகும். சரிசெய்யாது என்பது வேறு விஷயம். லினக்ஸ் அப்படியெல்லாம் உருகாது. நெட்வொர்க் கார்டு செத்தே போயிருந்தாலும் கறுப்புத் திரையில் கர்சர் பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டிருக்கும். என்ன ஆச்சு என்று நாம்தான் கேட்க வேண்டும். அதுவும் சரியான கேள்வியை, எழுத்துப் பிழை இல்லாமல்.

2010 வாக்கில் கும்பகோணத்தில் என் மாமா நடத்திவந்த அச்சகத்தில் இந்தக் குணத்தைக் கிட்ட இருந்து பார்க்கும் பாக்கியம் வாய்த்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று அத்தனை ஃபைலும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. அதில் லினக்ஸும், அதன் ஃபைல்களை விண்டோஸுக்கு எடுத்துக் கொடுக்கும் சாம்பாவும் போட்டுக் கொடுத்தவன் நான். டிடிபி பார்க்கும் அக்காவின் விண்டோஸ் கம்ப்யூட்டர் அதிலிருந்துதான் ஃபைலை எடுக்கும். ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல இடி. விடிந்து பார்த்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. முகூர்த்தம் நெருங்குகிறது, பத்திரிகை அச்சேற வேண்டும்.

"மாப்ளே, உன் பொட்டி படுத்துடுச்சு" என்று மாமா போன் செய்தார். ஒழுங்காக ஓடும்வரை அது அவருடைய சர்வர். நின்றுவிட்டால் என் பொட்டி.

நான் போய்ச் சேர்வதற்குள் அச்சகத்தில் ஆளுக்கொரு காரணம் தயார் செய்து வைத்திருந்தார்கள். பைண்டிங்காரர் வைரஸ் என்றார். மாமா இன்டர்நெட் லைன்காரர் மேல் பழி போட்டார். இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போகிற ஃபைலுக்கும் லைன்காரருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சொன்னால், "அவனைப் பத்தி உனக்குத் தெரியாது" என்றார். கட்டிங் மெஷின் தம்பியிடம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: "விண்டோஸ் போட்டா சரியாயிடும்ணே."

டிடிபி அக்கா மட்டும் எழுந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "பின்னாடி ஒயரு சொருகுற எடத்துல எப்பவும் ஒரு பச்ச லைட்டு மினுக்கிட்டிருக்கும் தம்பி. இன்னிக்கு எரியல." இதையே டை கட்டிய ஆள் சொல்லியிருந்தால் தனியாக பில் வந்திருக்கும்.

தம்பி விடவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்த 'பிங்' கட்டளையை ஏற்கெனவே அடித்துப் பார்த்திருந்தான். "127.0.0.1-க்கு டக்கு டக்குனு பதில் வருதுண்ணே, நெட்வொர்க் சூப்பரா இருக்கு!" வராமல் என்ன? அது கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி. கார்டே இல்லாத கம்ப்யூட்டரும் அதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்லும்.

பிங்கைக் குறை சொல்லக் கூடாது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர், நெட்வொர்க் கோளாறு ஒன்றைத் துப்புத் துலக்குவதற்காக எழுதிய சின்ன நிரல் அது. இதனால்தான் தனக்குப் பேர் நிலைக்கப் போகிறது என்று அப்போதே தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக உழைத்திருப்பேன் என்று பிற்பாடு அவரே எழுதினார். அவர் பிங் எழுதியது ஊரைக் கூப்பிட்டுப் பார்க்க. நம் ஆட்கள் தங்களையே கூப்பிட்டுவிட்டு, ஊரே நலம் என்கிறார்கள்.

ஒயரை மாற்றினேன். ஸ்விட்சில் வேறு போர்ட்டில் சொருகினேன். விளக்கு எரியவில்லை. 'ஈத்டூல்' கட்டளையைக் கேட்டால், இணைப்பு இல்லை என்று ஒற்றை வரியில் கையை விரித்தது. மதர்போர்டிலேயே பதித்திருந்த நெட்வொர்க் சிப், ஒயர் வழியாக வந்த மின்னலை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தது.

"ஈத்0 செத்துப்போச்சு மாமா." லினக்ஸில் முதல் நெட்வொர்க் கார்டுக்கு அப்போது அதுதான் பெயர்.

"கண்ணீர் அஞ்சலி அடிச்சிடலாமா?" என்றார். தொழில் பக்தி.

கடைத்தெருவில் புதுக் கார்டு கேட்டதும், கடைக்காரர் மேசையின் அடி இழுப்பறையிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒரு ரியல்டெக் 8139-ஐ எடுத்துக் கொடுத்தார். உலகத்தில் மலிவுக்குப் பேர்போன கார்டு அது. ஃப்ரீபிஎஸ்டி என்கிற இன்னொரு யூனிக்ஸ் வகையறாவுக்காக அதன் டிரைவரை எழுதிய பில் பால், அந்த நிரலுக்குள்ளேயே சிப்பின் வடிவமைப்பைத் திட்டிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். காரணம் உண்டு. வருகிற தகவலையெல்லாம் அந்த சிப் ஒரே இடத்தில் வரிசையாகக் கொட்டிவிடும். அதை அள்ளி உரிய இடத்தில் வைக்கும் வேலை பிராசஸர் தலையில். அனுப்புவதற்கு இருப்பதும் நாலே நாலு இடம். ஆனாலும் பத்திரிகை ஃபைலை எதிர் மேசைக்கு அனுப்ப அது போதும்.

செத்த சிப்பை பயாஸில் முடக்கிவிட்டு, புதுக் கார்டைச் சொருகி ஆன் செய்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அக்கா புன்னகைத்தார். ஃபைல் வரவில்லை.

'எல்எஸ்பிசிஐ' கட்டளையைக் கேட்டால் கார்டு இருக்கிறது என்கிறது. 'ஐஎஃப்கான்ஃபிக்' கட்டளையைக் கேட்டால் 'லோ' என்று ஒன்றை மட்டும் காட்டுகிறது. அதுதான் தம்பி பிங் அடித்த, தனக்குத்தானே பேசிக்கொள்கிற பேர்வழி. ஒரு கட்டளைக்குத் தெரிந்த கார்டு இன்னொன்றுக்கு எப்படித் தெரியாமல் போகும்? போகும். சும்மா 'ஐஎஃப்கான்ஃபிக்' என்று கேட்டால், செயலில் இருப்பவர்களை மட்டும்தான் சொல்லும். பக்கத்தில் ஒரு கோடும் 'ஏ' எழுத்தும் போட்டுக் கேட்டால்தான் எல்லோரையும் சொல்லும். அப்படிக் கேட்டதும் வந்தது: ஈத்1.

ஒரே ஒரு கார்டு இருக்கும் கம்ப்யூட்டரில் ஈத்1 எங்கிருந்து வந்தது? 'டிமெசெஜ்' என்று அடித்தால் கம்ப்யூட்டர் கண் விழித்தது முதல் நடந்ததையெல்லாம் லினக்ஸின் மையமான கர்னல் ஒப்பிக்கும். அதில் இருந்தது விடை. கர்னல் புதுக் கார்டுக்கு ஈத்0 என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. அடுத்த கணமே 'யூடெவ்' என்கிற நிர்வாகி அதை ஈத்1 என்று மாற்றிவிட்டது.

ஒவ்வொரு கார்டுக்கும் மேக் முகவரி என்று 48 பிட் எண் ஒன்று உண்டு. அப்போதெல்லாம் யூடெவ் அதையும் பெயரையும் ஒரு ஃபைலில் பதிந்து வைத்துக்கொள்ளும். ஈத்0 என்பது செத்த சிப்பின் பெயரில் பதிவாகியிருந்தது. தாத்தா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆனாலும் ரேஷன் கார்டில் அவர்தான் குடும்பத் தலைவர் அல்லவா? அந்தக் கதைதான். முகவரி, அமைப்பு எல்லாம் ஈத்0 பேரில் இருக்க, புது வரவுக்கு ஒன்றும் கிடையாது.

யூடெவைத் திட்டவும் முடியாது. இரண்டு கார்டு உள்ள கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பெயர்கள் இடம் மாறினால், உள்ளே இருக்கும் கதவுக்குப் போட வேண்டிய பூட்டை வெளிக் கதவுக்குப் போட்டது போல ஆகிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பதிவேடு. ஃபைலைத் திறந்து பழைய வரியை நீக்கி, புது வரியில் 1-ஐ 0 ஆக்கி, மறுபடி ஆன் செய்தேன். அன்று மாலையே பத்திரிகை அச்சேறியது.

2013-இல் சிஸ்டம்டி என்கிற இன்னொரு நிர்வாகி இந்த முறையையும் மாற்றியது. இப்போது கார்டு சொருகியிருக்கும் இடத்தை வைத்து 'இஎன்பி3எஸ்0' என்கிற ரீதியில் பெயர் வருகிறது. கார்டை மாற்றி அதே இடத்தில் சொருகினால் பெயர் மாறாது. வாய்க்குள் நுழையாது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

ஆகவே லினக்ஸ் வைத்திருக்கும் மாமாக்களுக்கும் மாப்பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நெட்வொர்க் போனால் கீழிருந்து மேலே போங்கள். முதலில் விளக்கு, பிறகு ஒயர், பிறகு கார்டு தெரிகிறதா, அதற்குப் பெயர் என்ன, முகவரி கிடைத்ததா, பக்கத்துக் கம்ப்யூட்டர் பிங்குக்குப் பதில் தருகிறதா என்று வரிசையாகக் கேளுங்கள். இத்தனையும் பார்த்த பிறகு லைன்காரரைத் திட்டலாம். என்னைக் கூப்பிடுவதானால், அதற்கு முன்னால் டிடிபி அக்காவை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.