இளநீர்க் கணக்குக் கேட்கும் கனவான்களுக்கு

அனுப்புநர்:
கடைசி ரவுண்டுக்குப் போகும் ஒரு பெண்ணின் தாய்மாமன்,
பாக்குத் தோட்டம், தொண்டாமுத்தூர், கோவை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு பார்ட்னர் அவர்கள்,
உலகப் புகழ்பெற்ற ஆலோசனை நிறுவனம் (பெயர் வேண்டாங்க),
கண்ணாடிக் கட்டடம், பெங்களூரு.

பொருள்: எங்கள் வீட்டில் நடந்துவரும் கேஸ் பயிற்சியால் வீட்டார், வேலையாட்கள், மாடு, நாய் ஆகியோருக்கு ஏற்பட்டுள்ள இடைஞ்சல் – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

என் அக்கா மகள் உங்கள் கம்பெனி இன்டர்வியூவின் கடைசி ரவுண்டுக்கு வந்திருக்கிறாள். கோவையில் இன்ஜினியரிங், பம்ப்செட் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை, பிறகு வடக்கே எம்.பி.ஏ. என்று படிப்படியாக ஏறிய பிள்ளை. டவுனில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் கட்டட வேலை நடப்பதால், அமைதி தேடி எங்கள் தோட்டத்துச் சாளைக்கு வந்துவிட்டாள். அமைதி போனது எங்களுக்குத்தான். கேஸ் என்றால், ஒரு தொழிலின் சிக்கலைச் சொல்லி அங்கேயே வழி கேட்பதாம். அதற்குப் பயிற்சி எடுக்க, எதிரே ஒருவர் பார்ட்னர் போல உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டுமாம். அந்தக் காலத்து பி.காம். என்பதால் பார்ட்னர் பதவி எனக்கு வந்து சேர்ந்தது. ஆகையால் இதை ஒரு பார்ட்னர் இன்னொரு பார்ட்னருக்கு எழுதும் கடிதமாகவே பாவித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் புரிய வேண்டுமென்று முதல் கேஸை எங்கள் ஊருக்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொண்டாள். வாடிக்கையாளர், தொண்டாமுத்தூரில் பாக்கு வைத்திருக்கும் ஒரு விவசாயி. சில வருடங்களாக லாபம் குறைகிறது. காரணம் கண்டுபிடித்து வழி சொல்ல வேண்டும். அந்த விவசாயி நான்தான். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? "உரம் ஏறிப்போச்சு, கூலி ஏறிப்போச்சு, ராத்திரி யானை வந்து கன்னையெல்லாம் மிதிச்சுப்போட்டுப் போயிருச்சு" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாமா, நீங்க இப்படி எடுத்த எடுப்புல சொல்லக் கூடாதுங்க. நான் கேட்டாத்தான் சொல்லோணும். கேக்கலீன்னா மறைச்சு வெச்சுக்கோணும்."

"ஏனம்மிணி, வைத்தியனுக்குக் காசு குடுத்துப்போட்டு வயித்துவலியை யாராச்சும் ஒளிச்சு வெப்பாங்களா?"

"இன்டர்வியூல அப்படித்தானுங்க மாமா."

அன்றிலிருந்து மறைத்து வைக்கப் பழகிக்கொண்டேன். இப்போது எந்தக் கேள்விக்கும் "அந்தத் தகவல் எதற்கு வேண்டும்?" என்று திருப்பிக் கேட்கிறேன். ஒரு தாலுகா ஆபீசையே தனியாக நடத்தும் தகுதி எனக்கு வந்துவிட்டதாக வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்.

கேள்வி கேட்டதும் அவள், "ஒரு நிமிசம் எடுத்துக்கலாமுங்களா?" என்பாள். வெள்ளைத் தாளைக் குறுக்குவாட்டில் திருப்பிக் கட்டம் போடுவாள். லாபம் என்றால் வரவு போகச் செலவு. வரவு என்றால் விலை பெருக்கல் அளவு. செலவில் நிலையானது ஒன்று, மாறுவது ஒன்று. காரணங்கள் மூன்றுதான் இருக்க வேண்டும். நாலாவது ஒன்று இருந்தால் அது மூன்றாவதுக்குக் கீழே அடங்கிப் போக வேண்டும். யானை எங்கே வரும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எக்ஸ்டர்னல் ஃபேக்டர்" என்ற கட்டத்தில் எழுதினாள். வனத்துறை அகழி வெட்டியும் சோலார் வேலி போட்டும் நிறுத்த முடியாத யானையை, ஒரு பேனாவால் கட்டத்துக்குள் நிறுத்திவிட்டாளே என்று எனக்குப் பெருமைதான்.

அடுத்து வழி சொல்ல வேண்டும். விலையைக் கூட்டலாம் என்றாள். பாக்குக்கு விலை சொல்வது வியாபாரி. நாங்கள் தலையாட்டுவதோடு சரி. அப்படியானால் செலவைக் குறைக்கலாம், மரம் ஏறும் கூலிதான் கண்ணை உறுத்துகிறது, அதில் பதினைந்து சதவீதம் ஆளைக் குறைக்கலாம் என்று பரிந்துரைத்தாள்.

ஐயா, பாக்கு மரம் ஏறுபவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னமோ. காலில் கயிற்று வளையம், இடுப்பில் அரிவாள். உச்சிக்குப் போய்க் குலையை அறுத்த பிறகு கீழே இறங்க மாட்டார். மேலே இருந்தபடியே மரத்தை முன்னும் பின்னும் ஆட்டுவார். அது வளைந்து போய்ப் பக்கத்து மரத்தை நெருங்குகிற நேரத்தில், அதை எட்டிப் பிடித்து அப்படியே மாறிக்கொள்வார். விட்ட மரம் விசுக்கென்று நிமிரும். மூச்சு நிற்பது கீழே இருக்கும் நமக்குத்தான். இந்த வேலைக்கு இப்போது ஆள் கிடைப்பதே குதிரைக் கொம்பு. எங்கள் தோட்டத்துக்கு வருபவர் ஒரே ஒருவர். ஒருவரில் பதினைந்து சதவீதத்தை எந்தப் பக்கம் வெட்டுவது என்று அவரையே கேட்டோம். உச்சியிலிருந்து பதில் வந்தது:

"ஆகட்டுங்க அம்மிணி. மிச்சத்துக்கு நீங்க கீழ இருந்தே பாக்குக்கு ஒரு போனப் போட்டு எறங்கி வரச் சொல்லிருங்க."

அதையும் குறித்துக்கொண்டாள். மேலே "இம்ப்ளிமென்டேஷன் ரிஸ்க்" என்று தலைப்பு.

இதற்கப்புறம்தான் இளநீர் வந்தது. கோயமுத்தூரில் ஒரு நாளைக்கு எத்தனை இளநீர் விற்கும்? கூகுள் பார்க்கக் கூடாது, யாரையும் விசாரிக்கக் கூடாது, தாளும் பேனாவும் மட்டும். 2011 கணக்கெடுப்பில் கோவையும் சுற்றுப்புறமும் சேர்ந்து 21 லட்சத்துக்கு மேல் ஜனம். வகுக்க வசதியாக 20 லட்சம் ஆக்கினாள். மிச்சமுள்ள லட்சம் பேர் தாகத்தோடு ஓரமாக நிற்கிறார்கள். நூற்றுக்கு ஐந்து பேர் குடித்தால் ஒரு லட்சம் காய். ஐந்து எங்கிருந்து வந்தது என்றேன். "அசம்ப்ஷனுங்க மாமா." பேரூர் ரோட்டில் இளநீர் வெட்டுகிறவர் எனக்கு நல்ல பழக்கம். பொள்ளாச்சியிலிருந்து எத்தனை லோடு வருகிறது, ஐப்பசியில் எவ்வளவு விழும், மழை பெய்த அன்றைக்கு எத்தனை மீந்து போகும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். போன் போடட்டுமா என்று கேட்டேன். போடக் கூடாதாம். தெரிந்தவரைக் கேட்டால் மார்க் போய்விடுமாம்.

இந்த வித்தைக்கு மூலவர் என்ரிகோ ஃபெர்மி என்ற விஞ்ஞானி என்று அவளே சொன்னாள். 1945 ஜூலையில் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தபோது, கையிலிருந்த காகிதத் துண்டுகளைக் கீழே விட்டு, அவை எவ்வளவு தூரம் நகர்ந்தன என்பதை வைத்தே குண்டின் பலம் பத்தாயிரம் டன் வெடிமருந்து என்று மதிப்பிட்டாராம். உண்மை அதைப்போல் இரண்டு மடங்கு அளவில் இருந்தது. பெரிய மூளைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஃபெர்மிக்கு வேறு வழியில்லை ஐயா. அதற்குமுன் அந்தக் குண்டை வெடித்தவர் எவரும் இல்லை, போன் போட்டுக் கேட்க. இளநீர்க்காரர் அப்படியா? காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறார்.

கேட்காமல் போட்ட கணக்கு எங்கே போய் முடியும் என்பதற்கு உங்கள் தொழில் வட்டாரத்திலேயே ஒரு கதை உலவுகிறது. 1980களின் தொடக்கத்தில் ஏடி அண்ட் டி என்ற அமெரிக்க டெலிபோன் கம்பெனிக்கு மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் சொன்ன ஆரூடம்: 2000ஆம் ஆண்டில் செல்போன்கள் சுமார் 9 லட்சம் இருக்கும். அந்த ஆண்டு முடிந்தபோது அமெரிக்காவில் மட்டும் 10 கோடியைத் தாண்டியிருந்தது. இங்கே கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் விலை முன்னறிவிப்பு சொல்கிறார்கள். சின்ன வெங்காயம் கிலோ இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை போகலாம், வரத்தையும் மழையையும் பொறுத்து மாறும் என்று அடக்கமாக முடித்துக்கொள்வார்கள். கடைசி ரவுண்டில் யாராவது அப்படிப் பேசினால் தன்னம்பிக்கை போதவில்லை என்று எழுதிவிடுவீர்கள், இல்லையா?

உங்கள் சாத்திரத்துக்கும் எங்கள் ஊருக்கும் பகை ஒன்றும் கிடையாது. 1990-ல் கேரி ஹாமெலுடன் சேர்ந்து "கோர் காம்பிடன்ஸ்" என்ற நிர்வாகக் கருத்தை உலகத்துக்குச் சொன்ன சி.கே. பிரகலாத், 1941-ல் கோவையில் பிறந்தவர். ஏழைகளின் சந்தையைப் பற்றி 2004-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் வருகிறது. அவரும் மாணவர்களும் களத்தில் போய் விசாரித்து எழுதியது அது. கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொடங்கியவர். அதற்குமுன் எங்கள் சாளையில் எங்களிடம் ஆலோசனை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? பழனிக்கு ஜனங்கள் காவடி எடுத்துக்கொண்டு நடந்தே போகிறார்கள், டிக்கெட் எடுக்கும் பழக்கம் இல்லை, ஒரே பஸ் என்பதால் ரிஸ்க் அதிகம். வேண்டாம்.

தொழில்களை மாடு, நாய் என்றெல்லாம் பெயரிட்டுப் பிரிக்க பாஸ்டன் கன்சல்டிங் குரூப் 1970-ல் போட்ட நாலு கட்ட அட்டவணையையும் எங்கள் வீட்டில் பிரயோகித்துப் பார்த்தாயிற்று. அதன்படி மாட்டைக் கறந்துகொண்டே இருக்க வேண்டும், நாயை விற்றுவிட வேண்டும். மாடு சினையாக இருப்பதால் இப்போதைக்குக் கறவை இல்லை. யானை தோட்டத்தில் கால் வைத்தால் முதலில் குரைப்பது நாய்தான். இரண்டு சிபாரிசுகளையும் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

கேலி போகட்டும். உங்களுடைய இன்னொரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. "ஒரு முரண்பாட்டைத் தீர்த்து வைத்த அனுபவத்தைச் சொல்லுங்கள்." அவள் தயாராக வைத்திருப்பது, காலேஜ் விழாவுக்கு ஸ்பான்சர் பிடித்த கதை. கேட்டால் எனக்கே கொட்டாவி வருகிறது. ஆனால் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது அவள் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. எங்கள் கூட்டுக் கிணற்றில் இரண்டு பங்காளி வீடுகளுக்குள் முறைத்தண்ணித் தகராறு. நாளுக்கு ஒருவர் என்று முறை. ஆனால் மும்முனைக் கரண்ட் ஒரு நாள் ஆறு மணி நேரம் வரும், மறுநாள் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். குறைந்த நாள் யார் தலையில் விழுந்ததோ அவர் மோட்டார் ரூம் சாவியைக் கொடுக்க மாட்டார். பெரியவர்கள் பேசிப் பேசி, பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று. லீவுக்கு வந்திருந்த இவள் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, கரண்ட் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுத ஆரம்பித்தாள். எழுதியதை இரண்டு வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டி, முறையை நாள் கணக்கிலிருந்து கரண்ட் வந்த மணிக் கணக்குக்கு மாற்றிவிட்டாள். "கண்ணு, இது எங்களுக்கு ஏன் தோணாமப் போச்சு?" என்று அவள் அம்முச்சி கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அந்த நோட்டு தீர்ந்து, அதற்கடுத்த நோட்டுகளும் தீர்ந்து, இன்றைக்கும் ஒன்று மோட்டார் ரூம் ஆணியில் தொங்குகிறது.

"இதைச் சொல்லேன் அம்மிணி" என்றேன். ஆன்லைனில் பயிற்சி தரும் ஆள் வேண்டாம் என்றாராம். "இம்பேக்ட் எத்தனை கோடின்னு கேப்பாங்க மாமா. கெணத்துக்கு நான் என்னத்தைச் சொல்றதுங்க?"

விமானம் தாமதமானால் இந்த ஆளோடு ஏர்போர்ட்டில் சில மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியுமா என்றும் மனசுக்குள் பார்ப்பீர்களாம். அதற்காகச் சுவாரசியமான ஆளாக ஆகும் பயிற்சி மாலை நேரத்தில் தனியாக நடக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிறிய விமான கம்பெனிகளில் பங்கு வாங்கிப் பெரிதாகலாம் என்று மெக்கின்சி சொன்ன வழியில் போன சுவிஸ் ஏர், 2001 அக்டோபரில் பறக்கக் காசில்லாமல் தரையில் நின்றது. போதையாகிப்போன வலி மாத்திரையை இன்னும் வேகமாக விற்க ஆலோசனை சொன்ன விவகாரத்தில், அதே மெக்கின்சி 2021-ல் அமெரிக்க மாநிலங்களுக்கு 57 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. மாத்திரையில் அழிந்த குடும்பங்களுக்கு ஆலோசகர் முகமே தெரியாது. எங்கள் ஊரில் மருந்துக்கடைக்காரர் வெங்காயத்துக்குத் தப்பான மருந்தைக் கொடுத்துவிட்டால், மறுநாள் காலையில் கருகிய தாளோடு கடை முன்னால் நிற்போம். அவரும் ஓட மாட்டார். அவர் வீடு அடுத்த தெருவில்.

ஆகவே கடைசி ரவுண்டைத் தொண்டாமுத்தூரில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். சிறுவாணித் தண்ணீரும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. கேஸும் தயாராக இருக்கிறது. சின்ன வெங்காயம் அறுத்துப் பட்டறை போட்டு வைத்திருக்கிறேன். இன்றைய விலைக்கு விற்றால் கூலி தேறாது. வைத்திருந்தால் விலை ஏறலாம், அல்லது ஈரம் பிடித்து அழுகலாம். 2019 கடைசியில் கிலோ நூறைத் தாண்டியது. அதை நம்பி அதற்கப்புறம் வைத்திருந்து கெட்டவர்களும் உண்டு. விற்பதா, வைப்பதா? உங்கள் பார்ட்னர்கள் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளட்டும், குறுக்குத் தாளும் தருகிறோம். யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், போன் போடலாம், மார்க் குறைக்க மாட்டோம். பதில் தப்பினால் நஷ்டத்தில் பாதி மட்டும் உங்களுடையது.

வர சௌகரியப்படாது என்றால், பெங்களூரில் அவளை உட்கார வைத்து, மோட்டார் ரூம் நோட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பாக்கியை அவள் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
தாய்மாமன்.

பி.கு.: பெயரும் கதவு எண்ணும் போடாததற்குக் காரணம், அம்மிணிக்கு இன்னும் ரிசல்ட் வரவில்லை. நீங்கள் வேலை கொடுத்தீர்களானால் இந்தக் கடிதத்தை எழுதியது நான் இல்லீங்க.