மூன்று புரிக் கயிறு

கேள்வி: திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருஷம் மூடை சுமந்த என் ஐயாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. பெப்தைட்டு ஊசியால் குருத்தெலும்பு திரும்ப வளருமாமே, மெய்யா?

பதில்: முறிந்த எலும்பு ஒட்டுகிறது, கிழிந்த தோல் மூடுகிறது, இரத்தக் குழாய் எட்டியும் பாராத குருத்தெலும்போ, தோணி போகாத தீவைப்போல உதவியின்றிக் கிடப்பதால், அழிந்தால் மீள்வது அரிது என்பதை லண்டன் வைத்தியர் வில்லியம் ஹன்டர் 1743-லேயே எழுதிவைத்தார். குருத்தெலும்புக்கு வலுவூட்டும் கொலாஜன் என்ற புரதம், உங்கள் ஐயா கையில் காய்ப்பேறப் பிடித்த கப்பற் கயிற்றைப்போல, மூன்று பெப்தைட்டுப் புரிகள் (அமினோ அமிலச் சங்கிலிகள்) முறுகிய வடிவமென்று 1954-ல் கண்டு உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைச் சர்வகலாசாலையின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் என்பதில் எனக்குத் தனி ஆனந்தம்.

நீங்கள் கேட்ட ஊசிக்கு வருவோம். 2024-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையில் சாமுவேல் ஸ்டப் குழுவினர், பெப்தைட்டோடு ஹயலூரோனிக் அமிலம் கலந்த பசையைச் செம்மறியாடுகளின் முழங்காலில் செலுத்த, ஆறு மாதத்துக்குள் புதுக் குருத்து தலைகாட்டியது. மனித முழங்காலைப் போலவே பாரம் தாங்குகிற மூட்டு அது என்பதால் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் ஆட்டுக்குக் கிட்டிய பாக்கியம் ஐயாவுக்கு வர இன்னும் காலமிருக்கிறது. அதற்குள் பெப்தைட்டு என்ற பெயரில் யாரேனும் ஊசி விற்றால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

அதுவரை உங்களூர்ப் பக்கத்துக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் அவர் தாராளமாகக் குளிக்கட்டும், வலி இளகும். வீட்டில் நாற்காலியில் அமர்ந்து, காலை மெல்ல நீட்டிப் பத்து எண்ணி இறக்கட்டும். தொடைத் தசை தேறினால் முழங்காலின் சுமை குறையும்.