ரசீது இல்லாத உரிமை

கேள்வி: மனித உரிமை கடவுள் கொடுத்ததா, பகுத்தறிவு கொடுத்ததா? கடவுள் கொடுத்தது என்றால், அவரையே விமர்சிக்கும் உரிமையும் அதில் அடக்கமா?

பதில்: 1948-இல் ஐ.நா.வும் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு முழித்தது. மனிதருக்குப் பகுத்தறிவும் மனசாட்சியும் 'இயற்கை' தந்தவை என்றது உலக மனித உரிமைப் பிரகடனத்தின் வரைவு. கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் மனிதன் என்று சேர்க்கச் சொன்னது பிரேசில். இரண்டுமே வேண்டாம் என்றார் சீனாவின் பி.சி. சாங். கடைசியில் கடவுளும் வரவில்லை, இயற்கையும் போய்விட்டது. சரக்கு உண்டு, யார் கொடுத்தது என்ற ரசீது மட்டும் கிடையாது!

அதே பிரகடனத்தில் இருந்த மதம் மாறும் உரிமையை சவுதி அரேபியா ஏற்கவில்லை, வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. இஸ்லாமும் மதப் பிரசாரம் செய்யும் மதம்தானே என்று சொல்லி அந்த உரிமையை ஆதரித்தவர் பாகிஸ்தானின் ஜஃப்ருல்லா கான். அவர் அகமதியர், தங்களை முஸ்லிம்கள் என்றே சொல்லும் சிறுபான்மைப் பிரிவைச் சேர்ந்தவர். 1974-இல் அதே பாகிஸ்தான் அகமதியர்கள் முஸ்லிம்களே அல்ல என்று அரசியல் சட்டத்தைத் திருத்தியது. 1984-இல் இன்னும் ஒரு படி மேலே போய், அவர்கள் தங்கள் வழிபாட்டு இடத்தை மசூதி என்று சொன்னாலே மூன்றாண்டு வரை சிறை என்றது. நாத்திகனை அல்ல, தொழப் போனவனைத்தான் சட்டம் பிடித்தது.

ஆகவே, பேச்சுரிமை நாத்திகனுக்கு மட்டும் கொடுத்த சலுகை என்று பக்தர்கள் நினைக்க வேண்டாம். உரிமை மனிதருக்கு உண்டு, கருத்துக்குக் கிடையாது. கடவுளை விமர்சிப்பதும் அதில் அடங்குமா என்றால், தாராளமாக! எல்லாம் வல்லவருக்கு வக்கீல் எதற்கு? எண்ணிக்கையில் குறைந்த பக்தனுக்குத்தான் வக்கீல் வேண்டும்.